வல்லாரை முளைக்காத சதுப்பு

சேற்றுக்குள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், போன அத்தனை பேரையும் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவதற்கென்று உலகத்தில் ஓர் உத்தியோகம் இருக்கிறது. அதைத்தான் நான் ஒஸ்லோவில் பார்த்தேன். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் பொறுப்பான ஆசிரியைகளே, கோயில் யாத்திரைக்கு ஆள் சேர்க்கிறவர்களே, கலியாண வீட்டாரை வான் வண்டியில் ஏற்றி இறக்குகிறவர்களே, என் கஷ்டம் உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும். "எல்லாரும் வந்தாச்சோ?" என்றால் "ஓம்" என்று பெரிய சத்தம் வரும். சத்தம் போட்டவர்களிலேயே ஒருவர் பற்றைக்குள் இருந்துதான் போட்டிருப்பார்.

நகரத்தின் கிழக்கு ஓரத்தில், அடுக்குமாடிகளுக்குப் பின்னால், சதுப்பு சூழ்ந்த சின்ன ஏரி ஒன்று. கரையெல்லாம் நாணலும் சம்பும். அதற்குப் பின்னால் கறுத்த பட்டை மரங்கள் வேரைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு நிற்கும். நடுவே ஒடுங்கிய பலகைப் பாதை. பறவைகளுக்காகப் பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் பூப் பறிக்கக்கூடாது, இலை கிள்ளக்கூடாது, கூட்டுக்குக் கிட்டப் போகக்கூடாது. இதை ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதலில் சொல்வது என் வேலை. நான் மட்டக்களப்பில் தாவரவியல் படித்தவள். அந்தப் படிப்பு இந்தக் குளிர் நாட்டில் எதற்காவது உதவும் என்று என் வீட்டில்கூட ஒருவரும் நம்பவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு வசந்த காலத்தில், என் மேலாளர் இங்கெர் ஒரு யோசனை சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்க் குடும்பங்களையும் சதுப்புக்குக் கூட்டிவர வேண்டும். ஞாயிறென்றால் நடக்க வேண்டும் என்பது நோர்வேக்காரரின் நம்பிக்கை. ஞாயிறென்றால் ஆட்டிறைச்சிக் கறி வைக்க வேண்டும் என்பது நம்முடையது. இரண்டையும் சேர்த்து வைக்கிற தரகு வேலை என் தலையில் விழுந்தது.

சைப்ரஸ் மரமும் முதலையும்

முதல் ஞாயிறு வந்தவர்களில் கார்த்திக் ஒருவர். தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்திருந்த இளைஞர், கழுத்தில் கொழுத்த கமெரா. அமெரிக்கச் சதுப்பு ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வந்திருந்தார். அங்கே சைப்ரஸ் மரங்கள் முழங்கால் தண்ணீரில் நிற்குமாம், கிளையிலிருந்து தாடி தாடியாகப் பாசி தொங்குமாம், கீழே முதலை மிதக்குமாம். கறுத்த மரத்தைக் காட்டி "மேடம், இது சைப்ரஸா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பாம்பு?" இருக்கிறது, ஆனால் கூச்சக்காரப் பாம்பு, மனிதரைக் கண்டால் ஓடிவிடும் என்றேன். "முதலை?" பதிலுக்கு ஒரு தேரையைக் காட்டினேன். எங்களிடம் இருந்ததில் பயங்கரமான முகம் அதற்குத்தான்.

அவருக்கு மனம் விட்டுப் போயிற்று. "எங்க ஊர்ல இதை ஏரின்னு சொல்லுவோம் மேடம். ஸ்வாம்ப்னா கொஞ்சமாவது பயம் வேணாமா?" என்று சொல்லிக்கொண்டே, தேரையைப் படம் எடுக்கப் பலகையை விட்டு ஒரு கால் கீழே வைத்தார். கால் தொடை வரைக்கும் போயிற்று. நாங்கள் நாலைந்து பேர் பிடித்து இழுத்தோம். ஆள் வந்தார், சப்பாத்து வரவில்லை. கமெராவை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தவர், பலகையில் மல்லாந்து கிடந்தபடி சொன்னார்: "ஒத்துக்கிறேன் மேடம், இது ஸ்வாம்ப்தான்."

டாக்டர் சொன்ன நடை

குணம் அண்ணையும் அவருடைய மனைவி புஷ்பம் அக்காவும் நகரத்தின் அம்மருட் பகுதியில் இருந்து வருவார்கள். அண்ணை யாழ்ப்பாணத்தவர், ஒஸ்லோவில் பல வருடம் பேருந்து ஓட்டியவர். அக்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர், அதுவும் மறதி நோய் வந்தவர்களைப் பார்க்கிற பிரிவில். அறுபது ஆகவில்லை. முதல் நாள் என்னைப் பார்த்துச் சிரித்துப் பெயர் கேட்டார். சொன்னேன். திரும்பி வரும்போது அதே சிரிப்போடு திரும்பவும் கேட்டார். நான் ஒன்றும் யோசிக்கவில்லை. என் பெயர் அப்படியொன்றும் மனதில் ஒட்டுகிற பெயர் இல்லை.

அக்கா பறவை பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பனிக்காலத்தில் ஒருநாள் கடைக்கென்று புறப்பட்ட அக்கா, பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் போய் இறங்கி, முன்பின் தெரியாத ஒரு வீட்டின் மணியை அடித்து, "கதவைத் திறவுங்கோ, நான் வந்திட்டன்" என்று நின்றிருக்கிறார். பிறகுதான் டாக்டர் நோயின் பெயரைச் சொன்னாராம். வீட்டுக்குள் வைத்திருக்காமல் வெளியே நடக்க விடச் சொன்னாராம். இதையெல்லாம் பேருந்து நேரம் சொல்கிற மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லிக்கொண்டு வந்தவருக்குக் கடைசியில் குரல் உடைந்து போயிற்று. "மருந்து நிப்பாட்டாதாம் தங்கச்சி, கொஞ்சம் பிந்தப் பண்ணுமாம். அவ என்னை மறக்கிறதுக்கு முன்னம் நான் ஏதாவது ஒரு வழி பாக்கவேணும்."

பறவைக் குடிலில் நாற்பது சப்பாத்து

பலகைப் பாதையின் முடிவில் மரத்தால் செய்த ஒரு குடில் இருக்கிறது. உள்ளே வாங்கில் உட்கார்ந்து, சிறிய சாளரம் வழியாகப் பறவைகளைப் பார்க்கலாம். அன்று உள்ளே ஒரு நோர்வேக்காரர் பெரிய தொலைநோக்கியோடு தனியே இருந்தார். சத்தம் போடாமல் உள்ளே போங்கள் என்று என் கூட்டத்துக்குச் சொல்லிவிட்டு, நான் பின்னால் தங்கியவர்களைக் கூட்டிவரப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் வாசலில் சப்பாத்துகள் வரிசையாக நிற்கின்றன, கோயில் திருவிழா மாதிரி. சுத்தமான பலகைத் தரை, கூரை, வாசற்படி, உள்ளே ஒருவர் கண் மூடாத குறையாகத் தியானத்தில் இருக்கிறார் என்றால் நம் ஆட்களுக்கு வேறெப்படி உள்ளே போகத் தெரியும்? சேற்றுச் சப்பாத்தோடு ஒரு வீட்டுக்குள் மிதிப்பதாவது! எல்லாரும் காலுறையோடு வரிசையாக நின்று, மூச்சை அடக்கி, ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புஷ்பம் அக்கா கைகூப்பியே விட்டார்.

நோர்வேக்காரர் மெல்லத் திரும்பினார். காலுறைகளைப் பார்த்தார், அக்காவின் கைகளைப் பார்த்தார், பிறகு தன்னுடைய சேறு பிடித்த பூட்ஸைப் பார்த்தார். முகம் சிவந்து போய் என்னிடம் இரகசியமாகக் கேட்டார்: "மன்னிக்க வேண்டும், நானும் கழற்றியிருக்க வேண்டுமா?"

முக்குளிப்பான் நடனம்

மே மாதத்தில் எங்கள் ஏரியில் ஒரு பெரிய விசேஷம் நடக்கும். கொண்டை வைத்த முக்குளிப்பான்கள் சோடி சேருகிற காலம் அது. ஆணும் பெண்ணும் எதிரெதிரே நீந்தி வந்து, நெஞ்சோடு நெஞ்சு நிமிர்ந்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டும். பிறகு இரண்டும் முங்கி, அலகில் தண்ணீர்ப் பாசியைக் கவ்விக்கொண்டு எழும்பி, ஒன்றுக்கொன்று காட்டும். பார்க்கிறவர்களுக்குத் தாம்பூலத் தட்டு மாற்றுகிற நினைவு வந்தால் நான் பொறுப்பில்லை.

புஷ்பம் அக்கா அதை முதல் தரம் பார்த்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இஞ்சருங்கோ, இஞ்சை வந்து பாருங்கோ, உதுகள் தலையாட்டிற விதத்தை!" என்று அண்ணையைக் கையில் பிடித்து இழுத்தார். அடுத்த ஞாயிறும் அதே இடம், அதே பறவை, அதே ஆச்சரியம், அதே இழுப்பு. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அண்ணை ஒருமுறைகூட "போன கிழமை பாத்தனாங்கள்தானே" என்று சொல்லவில்லை. ஒவ்வொரு தரமும் ஓடிப் போய்க் குனிந்து பார்த்து, "அட, ஓமப்பா!" என்று அதிசயப்படுவார். எனக்கென்றால் அந்த நேரத்தில் பறவையைப் பார்ப்பதா அவர்களைப் பார்ப்பதா என்று தெரியாது.

பேருந்துத் தரிப்பில் நிற்கும்போது, உங்களுக்கு அலுக்கவில்லையா அண்ணே என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அவவுக்கு ஒவ்வொரு கிழமையும் முதல் நாள் முதல் ஷோ, தங்கச்சி. பக்கத்துச் சீற்றிலை இருக்கிறவன் கதையைச் சொல்லிப்போட்டால் பாவமெல்லோ?"

புல்

நோர்வேக்காரர் நடக்கப் போனால் இரண்டு பாண் துண்டுக்கு நடுவே சீஸ் வைத்து, தாளில் சுற்றி எடுத்துப் போவார்கள். அதற்கு மாட்பாக்க என்று பெயர். எங்கள் கூட்டத்தின் மாட்பாக்கவைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். றோல்ஸ், கடலை, சுண்டல், ஒருமுறை சம்பலோடு இடியப்பம்கூட வந்தது. சதுப்பில் உட்கார்ந்து இடியப்பம் தின்ற முதல் மனிதர்கள் நாங்களாகத்தான் இருப்போம். இங்கெர் ஒருமுறை வந்து உறைப்பு றோல்ஸ் இரண்டு தின்றுவிட்டு, கண்ணீரோடு மூன்றாவதற்குக் கை நீட்டினார்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு. வழக்கமாக றோல்ஸில் முதல் கை வைக்கிற குணம் அண்ணை அன்று வேண்டாம் என்றார். சுண்டலும் வேண்டாம். தண்ணீரைக்கூடச் சொட்டுச் சொட்டாகத்தான் குடித்தார். உதடு வீங்கியிருந்தது. "என்ன சார், அக்கா அடிச்சுட்டாங்களா?" என்று கார்த்திக் பகிடி விட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணையும் சிரிக்கப் பார்த்தார், வாய் திறக்க முடியவில்லை.

புஷ்பம் அக்கா சிரிக்கவில்லை. றோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு முறைப்பாடு சொல்கிற தொனியில், எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "இவர் குசினிக்குள்ளை நிண்டு களவாய்ப் புல்லுத் தின்னுறார்." ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்து, பாவம் என்று தலையைக் குனிந்தார்கள். சுண்டல் வைத்திருந்த பெண் பேச்சை மாற்றப் பார்த்தார். ஆனால் அண்ணையின் முகத்தில் இரத்தம் இல்லாமல் போனதை நான் கண்டேன். அக்கா என்னைப் பார்த்து இன்னும் அழுத்தமாகச் சொன்னார்: "நான் விசர்க்கதை கதைக்கேல்லைப் பிள்ளை. ஒவ்வொரு நாளும் தின்னுறார்."

வட்ட இலை

அண்ணையைக் குடிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தண்ணீர்ப் போத்தல் பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஈரத் துணியில் சுற்றி, புத்தம் புது இலைக்கட்டு. வட்டமாய், காம்புப் பக்கம் வெட்டு விழுந்து, ஓரம் பல்லுப் பல்லாய், பளபளவென்று. "வல்லாரை," என்றார் மெதுவாக. "கடையிலை பிளேனிலை வாறது, வாடிச் செத்துப்போய் வரும், அதிலை என்ன சத்து? இஞ்சை குளிர்ந்த தண்ணிக்குள்ளை சும்மா முளைச்சு நிக்குது. பறிக்கக்கூடாதெண்டு நீர் சொன்னபடியாலைதான் கேக்காமல் எடுத்தனான்."

ஞாபக சக்திக்கு வல்லாரை. நம் ஆட்களில் இதை அறியாத பிள்ளை உண்டா? பரீட்சைக் காலத்தில் எத்தனை வீட்டில் இந்தச் சம்பலை வாயில் திணித்திருப்பார்கள். ஆனால் அவர் கையில் இருந்தது வல்லாரை இல்லை. நோர்வேக்காரர் சுலைஹூவ் என்று சொல்லுகிற, வசந்தத்தில் மஞ்சளாய்ப் பூக்கிற ஈர நிலச் செடி. இலை பார்வைக்கு அக்கா தங்கை மாதிரித்தான் இருக்கும். பச்சையாகத் தின்றால் வாயும் வயிறும் வெந்து போகும். அதே கரையில், ஒரு துண்டுக் கிழங்கே ஆளை முடித்துவிடுகிற வேறொரு செடியும் நிற்கிறது. எனக்குப் பயம் வந்துவிட்டது. பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும், அது என் சுபாவம். "அக்காவுக்குக் கொடுத்தீங்களா?" என்று கத்தினேன். இல்லை என்று தலையாட்டினார்.

தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டுச் சம்பலாக அரைத்து, தானே தின்று வந்திருக்கிறார். வாய் எரியத் தொடங்கிய பிறகும், மருந்தென்றால் கசக்கத்தானே செய்யும் என்று விடாமல் தின்றிருக்கிறார். "உங்களுக்கு ஒன்று நடந்திருந்தா அக்காவை யார் பார்க்கிறது, அதை யோசிச்சீங்களா?" என்று நான் சண்டை பிடிக்க, அவர் இலைக்கட்டைத் துணியோடு என் கையில் தந்தார். வீங்கின உதட்டால் ஒவ்வொரு சொல்லாக வந்தது: "ஒரு கிழமை நான் திண்டு பாத்து, எனக்கு ஒண்டும் செய்யாட்டி அவவுக்குக் குடுப்பம் எண்டு நினைச்சனான். ஆறாம் நாளே செய்துபோட்டுது."

சட்டம்

அன்றே அவரை அவசர மருத்துவரிடம் கூட்டிப்போனோம். கார்த்திக்தான் கார் ஓட்டினார், வழி முழுக்க ஒரு பகிடியும் விடவில்லை. வயிற்றுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, புண் தானாக ஆறும் என்று சொல்லி அனுப்பினார்கள். திங்கட்கிழமை நான் இங்கெரின் அறைக்குப் போனேன். பாதுகாக்கப்பட்ட இடத்தில் நாள்கணக்கில் இலை பறித்திருக்கிறார், என் கூட்டத்து ஆள், எனக்குத் தெரியாமல். இங்கெர் சட்டம் என்றால் சட்டம் என்கிறவர். ஏரிக்கரையில் ஒரு பூவைக் கிள்ளினதற்குத் தன் சொந்தத் தங்கையையே திட்டியவர் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. ஞாயிற்றுக்கிழமை நடை இத்தோடு முடிந்தது என்றுதான் போனேன்.

வல்லாரை என்றால் என்ன என்பதிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அக்காவின் நோயைச் சொன்னேன், அண்ணை முதலில் தான் தின்று பார்த்ததைச் சொன்னேன். இங்கெர் யன்னல் பக்கம் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்தார். பிறகு அலுவலகக் குரலில் சொன்னார்: "அங்கே இலை பறிப்பது குற்றம் என்று அவருக்குக் கண்டிப்பாகச் சொல். சொல்லிவிட்டு, எதைச் சாப்பிட்டால் அவர் வாய்க்கு எரியாது என்று கேட்டு வா, ஞாயிற்றுக்கிழமை நான் செய்து எடுத்து வருகிறேன்."

கேட்கக் கூசின கேள்வி

கோடை போய்விட்டது. வாத்துகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே பறக்கத் தொடங்கின. அண்ணை அதற்குப் பிறகு எந்த இலையையும் தேடவில்லை. வழி பார்க்க வேண்டும் என்று சொல்வதையும் விட்டுவிட்டார். மழையென்றாலும் காற்றென்றாலும் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார், அவ்வளவுதான். அக்கா என் பெயரைக் கேட்பதை நிறுத்தி, ரீச்சர் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார். சில நாள் நல்லாய் இருப்பார். சில நாள் பேருந்தை விட்டு இறங்கவே பயப்படுவார்.

ஒக்டோபரில் பலகைப் பாதை மோசமாக வழுக்கும், விழுந்த இலைகள் நனைந்து பிசுபிசுவென்று கிடக்கும். அண்ணை முன்னால் போய் ஒவ்வொரு பலகையையும் மிதித்துப் பார்த்து, "இஞ்சரும், காலை மெதுவாய் வையும்" என்று நின்று கை கொடுப்பார். அக்கா பிடித்துக் கடந்ததும் விட்டுவிட்டு முன்னால் போவார். இப்படியே பாதி வழி வந்திருப்போம். அக்கா என் பக்கத்தில் ஒட்டி, குரலைத் தணித்துக் கேட்டார்: "ரீச்சர், உந்த ஆள் ஆர்? வழுக்கிற இடமெல்லாம் பாத்துப் பாத்துக் கை தாறார்." குணம் என்று பேர் அக்கா, என்றேன். அவர் இன்னும் கொஞ்சம் யோசித்தார், கன்னம் சிவந்தது. "கலியாணம் முடிச்சவரோ?"

தண்ணீருக்கு மேலே சத்தம் துல்லியமாகப் போகும். முன்னால் போன அண்ணை நின்றுவிட்டார். திரும்பவில்லை. "ஓம் அக்கா, முடிச்சவர்," என்றேன். அக்காவின் முகம் கொஞ்சம் வாடியது, ஆனால் அது கொஞ்ச நேரம்தான். அடுத்த பலகையில் அண்ணை முகத்தைத் திருப்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினார். அக்கா அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காலை வைப்பதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "குடுத்து வைச்ச மனிசி. எங்கை இருந்தாலும் நல்லாய் இருக்கட்டும்."

இந்த வேலைக்கு என்ன தகுதி வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, தாவரவியல் கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும், ஆனால் ஒரு பூவும் இல்லாத ஒக்டோபர் மாதத்தில் கூட்டத்துக்கு முன்னால் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டு "எனக்கு மகரந்த ஒவ்வாமை" என்று கூசாமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான்.